எதை முதலாவதாகப் போடுவது

1

பிள்ளைகளே, பள்ளிக்கூட மலருக்கு பிரான்ஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச்சொல்லி உங்கள் அதிபர் கேட்டிருந்தார். ஈபிள் கோபுரத்தைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரியும். நான் வந்து இவ்வளவு காலத்தில் அதை மூன்று நாலு தரம் ரயில் ஜன்னலுக்குள்ளால் கண்டதுதான். பனியைப் பற்றி எழுதலாம் என்றால், அது விழும்போது நான் கடைக் குசினிக்குள் அடுப்படியில் நிற்பேன். வெளியே வரும்போது சேறாகிக் கிடக்கும்.

அதனால் எனக்கு நல்லாய்த் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். என் மகள் எழில்நிலாவை உங்களில் பல பேருக்குத் தெரியும். உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். இந்தக் கிழமையோடு பொறியியல் படிப்பில் முதலாம் ஆண்டை முடிக்கிறாள். உங்களிலும் சில பேர் இனி அந்த விண்ணப்பத்துக்கு முன்னால் போய் இருக்கப் போகிறீர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பல்கலைக்கழகத்தைப் பற்றிப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2

நான் வேலை செய்வது பாரிசில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சாப்பாட்டுக் கடையில். விடிய முதல் ரயிலில் போவேன். கரட், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் உரித்து வெட்டி வைக்கவேண்டும். மத்தியானம் கோப்பை கழுவ ஆள் வராவிட்டால் அதுவும் என் தலையில்தான். பின்னேரம் அறைக்கு வருவேன். அறையில் நாங்கள் நாலு பேர். ஒருவர் வேலையால் வரும்போது ஒருவர் வேலைக்குப் போவார், அதனால் நெருக்கம் பெரிதாகத் தெரியாது.

மனைவி கலாவும் மகளும் முள்ளியவளையில். ஏன் அவர்களைக் கூப்பிடவில்லை என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. கலாவின் முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறார்கள். அதற்கும் இதிலேயே மறுமொழி சொல்லிவிடுகிறேன்.

சண்டை முடிந்து முகாமால் வெளியே வந்த பிறகு எனக்கு விசாரணை ஓயவில்லை. ஊரில் இருக்க முடியாமல்தான் வெளிக்கிட்டேன். அப்போது எழில் முதலாம் வகுப்பு. இங்கே வந்து, அகதி என்று ஏற்றுக்கொள்ளவே பல வருடம் போய்விட்டது. ஏற்றுக்கொண்ட பிறகு குடும்பத்தைக் கூப்பிடப் போட்டேன். எழில் பிறந்த பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்து, பிறகு காலங்கடந்த பதிவாக எடுத்தது. பிள்ளை பிறந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் பதிந்தீர்கள், இது உங்கள் பிள்ளைதானா என்று கேட்டு எழுதினார்கள். வன்னியில் அந்த நேரம் பதிவுக் கந்தோர் எது, காடு எது என்று தெரியாமல் இருந்த கதையை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? ஆள் பிடித்து எழுதினேன். திரும்பக் கேட்டார்கள். திரும்ப எழுதினேன். கடைசியில் நம்பினார்கள். நம்பின நேரம் பிள்ளைக்கு வயது கூடிவிட்டது, இனிப் பிள்ளையாக எடுக்க முடியாது, மனைவி மட்டும் வரலாம் என்றார்கள்.

கலாவுக்கு அதை வாசித்துச் சொன்னேன். "பிள்ளையை விட்டிட்டு அங்க வந்து நான் என்ன செய்யிறது?" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

எனக்கு ஒரு பயணப் புத்தகம் தந்திருக்கிறார்கள். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஒரே ஒரு தடவை திருச்சியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று பேரும் சந்தித்தோம். அப்போது எழில் எட்டாம் வகுப்பு. ரெலிபோனில் வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை, நேரே கண்டதும் தாய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. இரண்டு நாள் நான் அறைக்குள் வந்தால் எழும்பி நின்றாள், வகுப்புக்குள் அதிபர் வந்தமாதிரி. மூன்றாம் நாள்தான் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். பிறகு திரும்புகிற நாள் வந்துவிட்டது.

3

பரீட்சை முடிவு வந்த அன்று கலா அழுததில் என்ன சொல்கிறாள் என்றே எனக்கு விளங்கவில்லை. எழில்தான் ரெலிபோனை வாங்கி, பொறியியலுக்குக் கிடைக்கும் போல இருக்கு என்று ஆறுதலாகச் சொன்னாள்.

நான் குசினியில் போய்ச் சொன்னேன். பிரெஞ்சில் இனி நடக்கப்போவதைச் சொல்ல எனக்கு இன்னும் சரியாக வராது. எல்லாவற்றையும் நடந்துவிட்டதாகத்தான் சொல்வேன். என் மகள் எஞ்சினியர் ஆகிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். பெரிய சமையல்காரன் கையைத் துடைத்துவிட்டு வந்து கை தந்தான். அன்று மிஞ்சின கேக்கில் பெரிய துண்டை எனக்கு வெட்டி வைத்தார்கள். எந்தப் பாலம் கட்டினாள் என்று பகிடியாய்க் கேட்டான் ஒருவன். திருத்தப் போனால் இன்னும் பிழைக்கும் என்று சாப்பிட்டுவிட்டு இருந்துவிட்டேன். இப்படி எங்கள் குசினியில் அவள் அன்றைக்கே எஞ்சினியர் ஆகிவிட்டாள்.

இனி விண்ணப்பக் கதைக்கு வருகிறேன். நீங்கள் விரும்புகிற பாடத்தையும் பல்கலைக்கழகத்தையும் வரிசையாகப் போடவேண்டும். கணினி மேலே இருந்து பார்த்துக்கொண்டு வரும். உங்கள் புள்ளிக்கு எது முதலில் சரிவருகிறதோ, அதைத் தந்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன கிடந்தாலும் பார்க்காது. அனுப்பினால் பிறகு வரிசையை மாற்ற ஏலாது. எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். இப்போது விதி வேறாக இருக்கலாம், கையேட்டை நீங்களே ஒருமுறை வாசியுங்கள்.

எழிலுக்கு முன்னால் இரண்டு இடம் இருந்தது. ஒன்று மலைநாட்டில் இருக்கிற பழைய பல்கலைக்கழகம். பெரிய மரங்கள், பக்கத்தில் ஆறு, நாட்டின் எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் வந்து படிக்கிற இடம். மற்றது கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற பீடம். புதுக் கட்டடங்கள், சுற்றிவர எங்கள் வன்னி வெயில், எங்கள் சனம். இரண்டிலும் படிக்கிறது ஒரே படிப்புத்தான், இரண்டிலும் நல்ல ஆசிரியர்கள் என்று எழிலின் ரியூசன் சேர் சொல்லியிருக்கிறார்.

எனக்கோ கிளிநொச்சிப் பீடத்தைக் கண்ணுக்குள் கொண்டுவர முடியவில்லை. அந்த நிலத்தை எனக்குத் தெரியும். கடைசி இடப்பெயர்வின்போது நாங்கள் அக்கராயன் பக்கம் வயல் செய்துகொண்டிருந்தோம். வெளிக்கிட்ட அன்று பின்னேரம் உழவு இயந்திரத்தை இப்போது பீடம் நிற்கிற அந்தக் காட்டோரம் நிறுத்தி, எழிலுக்குச் சீனித்தண்ணி கரைத்துக் கொடுத்தோம். அதில் ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது, பிள்ளைகள் பட்டம் வாங்குகிறார்கள் என்றால் சந்தோசமாய்த்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த இடம் என்றால் உழவு இயந்திரப் பெட்டிதான்.

எழிலுக்கு எது விருப்பம் என்று கேட்டேன். ஓரிடத்தில் தன்னை ஒருவருக்கும் தெரியாமல் இருந்து படிக்கவேண்டும் என்றாள். முள்ளியவளையில் அவள் எங்கே போனாலும் பிரான்ஸ்காரரின் மகள்தானாம். கடையில் மா வாங்கினாலும், கோயிலில் நின்றாலும், அப்பா எப்ப கூப்பிடுறார் என்றுதான் கேட்பார்களாம். மலைநாட்டில் அப்பா எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். சிங்களமும் பழகலாம். மழையும் குளிரும் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம்.

சொல்லிவிட்டு, "அது சும்மா சொன்னனான் அப்பா" என்றாள்.

4

கலா ஒருநாளும் போகாதே என்று சொல்லவில்லை. உன்ர விருப்பம் பிள்ளை என்றுதான் சொன்னாள். அப்படிச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் எனக்கு ரெலிபோன் எடுப்பாள். புளியங்குளத்துக்கு அங்கால தான் தனியப் போனதே இல்லை, பிள்ளைக்கு ஏதும் ஒன்றென்றால் எந்த பஸ்சில் ஏறுவது என்றுகூடத் தெரியாது என்பாள். இரவில் நாய் குரைத்தால் இரண்டு பேராய் எழும்பி லைட்டைப் போடுவோம், இனி ஒராளாய் எழும்புவது எப்படி என்பாள். அடுப்பு எரிகிற சத்தமும் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் எனக்கு இங்கே கேட்கும். எங்கள் வீட்டுக் குசினிக்கும் எழில் படிக்கிற மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான் இருக்கிறது. அது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் என்ன சொல்வேன்? தூரப் போகட்டும் என்றால், வீட்டில் இல்லாத மனிசன் சொல்கிற கதை. கிட்ட நிற்கட்டும் என்றால், பிள்ளையின் ஆசையில் மண். இரண்டு கிழமை இப்படியே கதைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கலாவே வழி சொன்னாள். வற்றாப்பளை அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்பம் என்றாள். உங்களுக்குத் தெரியும்தானே. சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியே வெற்றிலையில் சுற்றிக் கட்டி அம்மனுக்கு முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுப்பிக்கிறது. எங்கள் பக்கத்தில் காணி வாங்குவதும் கல்யாணம் பேசுவதும் இதைப் பார்த்துத்தான். எனக்கும் ஒரு பாரம் இறங்கினமாதிரி இருந்தது. விண்ணப்பம் முடிய இன்னும் நாள் இருக்கிறது, வாற திங்கட்கிழமையே பாருங்கோ என்றேன்.

திங்கட்கிழமை நான் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கும்போது கலா எடுத்தாள். கோயில் வெளி வீதியில் நின்று கதைக்கிறாள், காற்றுச் சத்தம்.

"சிவப்பு வந்திட்டுது" என்றாள்.

சிவப்பு என்றால் மலைநாடு, வெள்ளை என்றால் கிளிநொச்சி என்றுதான் மனதில் நினைத்துக் கட்டியிருந்தாள். பொங்க வந்த யாரோ ஒரு குடும்பத்தின் பிள்ளை, இன்னும் நடைகூடச் சரியாய்ப் பழகாதது, தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்ததாம்.

"உண்மையைச் சொன்னா, நான் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை, வெள்ளை எண்டுதான் கும்பிட்டனான். அம்மன் சிவப்பைத் தந்திட்டா. இனி என்ன, விடத்தானே வேணும்."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. தானாக விடமுடியாத பிள்ளையை அம்மன் கேட்டதால் கொடுத்துவிட்டாள் போல. எழில் எங்கே என்று கேட்டேன். பக்கத்தில்தான் நிற்கிறாள், கதைக்கிறாள் இல்லை என்றாள். கோயில் என்றபடியால் அடக்கமாய் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் கலாவைப்போல ஓர் ஆளை நான் காணவில்லை. எழிலோடு வவுனியாவுக்குப் போய்த் தடித்த கம்பளிப் போர்வை ஒன்றும் இரண்டு சுவெற்றரும் வாங்கினாள். சிங்களம் படிக்கிற புத்தகம் ஒன்று வாங்கி, எழிலுக்கு முன்னால் தானே அதை வாசிக்கத் தொடங்கினாள். எனக்கு ரெலிபோனில் சிங்களத்தில் சுகம் கேட்பாள். நான் பிரெஞ்சில் பதில் சொல்வேன். இரண்டு பேரும் என்ன கதைக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது, சிரிப்போம். கல்யாணம் கட்டின புதிதில்கூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு தனிய இருக்கப் பழகினாள். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். புளியங்குளத்தில் இருக்கிற தன் தமக்கை வீட்டுக்கு எழிலை ஒரு கிழமை அனுப்பிவிட்டு, தான் மட்டும் முள்ளியவளை வீட்டில் படுத்தாள். முதலிரண்டு நாளும் விடியவிடிய லைட் எரிந்ததாம். பிறகு நித்திரை வந்ததாம். அதைப் பெரிய சோதனை பாஸ் பண்ணினமாதிரி எனக்குச் சொன்னாள். எழில் புளியங்குளத்தில் இருந்து எடுத்து, "அம்மாவுக்குப் பழகிட்டுதாமோ?" என்று கேட்டாள். ஓம், நல்லாய்ப் பழகிவிட்டா, நீ யோசிக்காதே என்றேன். லைன் வெட்டுப்பட்டுவிட்டதாக்கும் என்று நான் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டு நின்றேன்.

தெரிவு முடிவு வந்தது. கிளிநொச்சி.

கலாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். கிளிநொச்சி கிடைத்ததால் அவள் சந்தோசப்பட்டிருக்கலாம். அவளோ சண்டைக்கு நின்றாள். "கொம்பியூட்டர்தான் பிழை விட்டிருக்கு. அம்மன் பிழை விடமாட்டா" என்றாள். கொழும்புக்குப் போகப்போகிறேன், மேன்முறையீடு செய்யவேண்டும், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுவித்து அனுப்புங்கோ என்று என்னை நெருக்கினாள். தனியப் புளியங்குளம் தாண்டாத மனிசி கொழும்புக்கு எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு மளிகைக் கடையில் சிவம் மாஸ்டர் என்று ஒருவர் நிற்கிறார். முந்தி வவுனியாவில் கணக்குப் படிப்பித்தவர். எங்களுக்குக் கடிதம் எழுதுவதென்றால் அவரிடம்தான் போவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழிலின் புள்ளியை எழுதிக்கொண்டு போனேன். அவர் வாழைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி ரெலிபோனில் வெட்டுப்புள்ளிகளைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு மாவட்டத்துக்கும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கடைசியாக எடுபட்ட பிள்ளையின் புள்ளி அதில் இருக்கும். இரண்டு தரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கடிதம் எழுதத் தேவையில்லைத் தம்பி. முல்லைத்தீவு மாவட்டப் பிள்ளையளுக்கு வைச்ச மலைநாட்டு வெட்டுப்புள்ளியைவிட உம்மட மகளுக்குக் கூட. மேல போட்டிருந்தா கட்டாயம் கிடைச்சிருக்கும். பிள்ளை அதைக் கீழ போட்டிருக்கு."

கடைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் அவர்களுக்கு முருங்கைக்காய் நிறுத்துக் கொடுக்கத் தொடங்கினார். நான் ஒரு பை மரக்கறியும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். அறைக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போகிற ரயிலில் ஏறி இருந்திருக்கிறேன். கடைசி நிலையத்தில் இறங்கச் சொல்லும்போதுதான் தெரிந்தது.

6

கலா வயலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து எழிலுக்கு எடுத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஓமப்பா" என்றாள். "கிளிநொச்சியைத்தான் முதலாவதாப் போட்டனான். பூக்கட்டிப் பாக்கிறதுக்கு முன்னமே, வெள்ளிக்கிழமை, கூட்டாளிப் பிள்ளையளோட கொமினிக்கேசன் கடைக்குப் போய் கொம்பியூட்டரில அனுப்பிட்டன்."

"ஏன் பிள்ளை?"

"அம்மா குசினிக்க நிண்டு உங்களோட கதைக்கிறது எனக்குக் கேக்கும்தானே."

மிச்சத்தையும் அவளே சொன்னாள். தான் வரிசையைப் போட்டு அனுப்பிவிட்டு வந்து சொல்லத்தான் நினைத்தாளாம். வீட்டுக்கு வந்தால் அம்மா திங்கட்கிழமை பூக்கட்டிப் பார்ப்பம் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறா. வெள்ளைதான் வரும், அம்மன் அம்மாவைக் கைவிடமாட்டா, வெள்ளை வந்தால் சொல்லவேண்டிய தேவையே இல்லை என்று நினைத்திருக்கிறாள். அந்தச் சின்னப் பிள்ளை எடுத்த வெற்றிலையை விரிக்கும்போது சிவப்பைக் கண்டு தாயின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாளாம்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே குஞ்சு."

"எப்பிடிச் சொல்லுறது? அம்மா என்னை விடுறதெண்டு முடிவெடுத்திட்டு எவ்வளவு சந்தோசமா இருந்தவா. கம்பளி வாங்கினவா. சிங்களம் படிச்சவா. உங்களோட சிரிச்சுக் கதைச்சவா. நான் சொன்னா எல்லாம் நிண்டிடும்."

"சரி, பூவை விடு. முதல்ல நீ ஆசைப்பட்டது மலைநாடுதானே? ஏன் மாத்தினனி?"

அதையும் மறைக்காமல் சொன்னாள்.

"எங்கட வீட்டில இருந்து ஒராள் போனது போதுமெண்டு நினைச்சன்."

அவள் அதைக் குற்றமாய்ச் சொல்லவில்லை. குற்றமாய்ச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது மறுமொழி சொல்லியிருப்பேன். கணக்கில் ஒரு விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்று பின்னேரமே தாயிடம் தானே சொல்லியிருக்கிறாள். கலா ஏசவில்லை. இருட்டும்வரை முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாளாம். அடுத்தநாள் எனக்கு எடுத்தாள்.

"அம்மன் விடச் சொன்னவா, நான் விட்டிட்டன். இவள்தான் என்னை விடேல்லை" என்றாள். பிறகு, "நான் இருந்திருப்பன். தனிய இருக்கிறது எனக்குப் பழக்கம்தானே" என்றாள்.

மேன்முறையீட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. வற்றாப்பளைக்கு இப்போதும் போகிறாள். ஆனால் பூக்கட்டிப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் அந்தப் பக்கம் நில்லாமல் நகர்ந்துவிடுவாளாம்.

7

எழில் இப்போது கிளிநொச்சியில் படிக்கிறாள். பீடத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டாள். விரிவுரையாளர்கள் நல்லவர்கள், ஆய்வுகூடம் நல்லது, தெற்கிலிருந்து வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களோடு சிங்களமும் பழகுகிறாளாம். முதல் அரையாண்டில் நல்ல புள்ளி. கிழமை நாளில் விடுதி, வெள்ளிக்கிழமை பின்னேரம் பரந்தனால் பஸ் எடுத்து முள்ளியவளைக்கு வந்துவிடுவாள். மற்றப் பிள்ளைகள் வெளிக்கிட்டு எங்காவது சுற்றப் போனாலும் இவள் போவதில்லை. பஸ்சில் இருந்து எனக்கு எடுப்பாள். நான் உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பேன். முந்தி எல்லாவற்றையும் சொல்லுவாள். இப்போது சொல்லுகிற கதைகள் குறைந்துகொண்டு வருகின்றன. சாப்பாடு பரவாயில்லை, படிப்புப் பரவாயில்லை, அம்மா சுகம். மூன்றும் சொல்லி முடிந்தால் வைத்துவிடுவாள்.

பிள்ளைகளே, கிட்ட இருக்கிற இடம் கூடாது என்று நான் எழுதவில்லை. அங்கே படிக்க ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். என்னுடைய கவலை அது இல்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று பேரும் மற்ற ஆளை நோகாமல் பார்க்கவேண்டும் என்று தங்கள் தங்கள் மனதுக்குள்ளேயே முடிவெடுத்தோம். கலா தன் பயத்தை எனக்குச் சொன்னாள், எழிலுக்குச் சொல்லவில்லை. எழில் தன் ஆசையை எனக்குச் சொன்னாள், தாய்க்குச் சொல்லவில்லை. நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு, பூவுக்கு விட்டேன். வாய்விட்டுக் கதைத்திருந்தால் ஒருவேளை அழுகையும் சண்டையும் வந்திருக்கும். வந்து போயிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். முள்ளியவளையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய மகள் இந்தமுறை நல்லாய்ச் செய்திருக்கிறாள். அவளுக்கும் இதே இரண்டு இடம்தான். எதை முதலாவதாகப் போடுவது என்று எழில் அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கோ மாமா என்று எனக்கு எழுதியிருந்தாள். எழில் வீட்டில் நின்றாள், ரெலிபோனில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். கேட்டேன்.

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "மலைநாட்டைப் போடச் சொல்லுங்கோ" என்றாள்.

எனக்கு அதிசயமாய் இருந்தது. கிளிநொச்சி நல்ல இடம் என்றுதானே நீ சொல்கிறாய் என்றேன்.

"நல்ல இடம்தான். ஆனா அவளுக்கு மலைநாடுதான் விருப்பமாம், கூட்டாளிப் பிள்ளையள் சொன்னவை. பயமில்லாமப் போகலாம்தானே அப்பா. அவளின்ர அப்பா வீட்டில நிக்கிறார்."

நான் ரெலிபோனைக் கொஞ்சம் மேலே திருப்பிவிட்டேன். ஏதோ அடுப்பில் இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அவள் வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். பின்னால் கலா அவளை எதற்கோ கூப்பிடுவது கேட்டது. வாறன் அம்மா என்றாள், ஆனால் எழும்பவில்லை.

"அப்பா" என்றாள் பிறகு, மெதுவாக. "உங்கட கூரைதான் தெரியுது."